தங்கவயலின் ஆழத்தில் நியூட்ரினோ: தோட்டப்புறத் தமிழர் வரலாற்றோடு ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பால்மரக் காட்டையும் லயத்தையும் கங்காணியையும் மையமாகக் கொண்டு எழுதுவர். இந்திய அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் ஆய்வுக்கூடங்களையும் அவற்றை நடத்திய அறிஞர்களையும் மையமாகக் கொள்வர். இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், தமிழ்த் தொழிலாளர் குடைந்த சுரங்கமொன்றில் உலக அணுக்கரு இயற்பியல் ஆய்வின் முக்கியமான நிகழ்வு ஒன்று நடந்திருக்கிறது. கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில், நிலத்தின் கீழ் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965ஆம் ஆண்டு வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் காணப்பட்டது.

அந்நிகழ்வைத் தொழிலாளர் வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தம்பின் வட்டாரத் தோட்டப்புறம் இதற்கு ஒப்புநோக்குத் தளமாகக் கொள்ளப்படுகிறது. தங்கவயலுக்கும் தம்பினுக்கும் இடையில் கடல் இருக்கிறது. எனினும் இரண்டிற்கும் ஆள் அனுப்பிய சமூகம் பெரும்பாலும் ஒன்றே.

ஒரே ஊற்றிலிருந்து இரு வழிகள்

கோலாரில் நவீன முறையில் தங்கம் எடுக்கும் பணியை 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் மேற்கொண்டனர். மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் அடுத்தடுத்து வளர்ந்தன. நிலத்தடி வேலைக்கு வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள்ளும் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த ஆதிதிராவிட மக்களே மிகுதி. ஒப்பந்தக்காரர் வழியாகத் திரட்டப்பட்ட இவர்கள் நிறுவனம் அமைத்த வரிசை வீடுகளில் குடியேறினர். கன்னட நாட்டில் இருந்தாலும் மாரிக்குப்பமும் ஆண்டர்சன்பேட்டையும் பேச்சாலும் வழிபாட்டாலும் தமிழூர்களாகவே விளங்கின.

மலாயாவில் இரப்பர்ப் பயிர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரைந்து பரவியபோது, அதே வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் கங்காணிகளால் அழைத்து வரப்பட்டனர். 1907ஆம் ஆண்டு அமைந்த தமிழர் குடியேற்ற நிதி இவர்களின் கப்பற் செலவை ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் இறங்கி, இரயில் பாதை சென்ற வழியெல்லாம் பிரிந்து சென்றனர். மலாக்காவின் எல்லையை ஒட்டிய தம்பின், கெமெஞ்சே, கெமாஸ் ஆகிய பகுதிகளின் தோட்டங்களும் இப்பாதையை நம்பி வளர்ந்தவையே. இன்று புலாவ் செபாங் எனப்படும் இரயில் நிலையம் நெடுங்காலம் தம்பின் என்னும் பெயரையே தாங்கி நின்றது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு, உதவிபெற்று வரும் உடலுழைப்பாளர் குடிபெயர்வுக்குத் தடை விதிக்கும் வரை இவ்வரத்து நீடித்தது. கெர்னியல் சிங் சந்து 1969ஆம் ஆண்டு வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூல் இதனை விரிவாக ஆராய்கிறது.

ஆகவே, வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் நெருக்கிய ஒரே ஊரிலிருந்து அண்ணன் தங்கவயலுக்கும் தம்பி மலாயாவுக்கும் சென்றிருக்க இடமுண்டு. ஒருவர் பூமிக்குள் இறங்கினார். மற்றவர் கடலைக் கடந்தார். இரண்டு இடத்திலும் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பு நடந்தது. தோட்டத்தில் அது பிரட்டுக் களம். சுரங்கத்தில் அது கூண்டு இறங்கும் வாயில்.

இரு சமூகங்களின் எதிர்ப்புக் குரலிலும் ஒற்றுமை காணலாம். 1930ஆம் ஆண்டு தங்கவயல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைக் குற்றவாளிகளைப் போலக் கைரேகை பதியச் செய்த புதிய பதிவு முறையே அதற்கு உடனடிக் காரணம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்குமாறும் கோரினர். இரண்டிலும் கூலிக்கு நிகராக மானமும் கோரிக்கையாயிற்று.

அறிவுத் தேட்டத்திலும் தங்கவயல் பின்தங்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப் பின், 1926ஆம் ஆண்டு ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' என்னும் பெயருடன் தங்கவயலிலிருந்தே வெளிவரலாயிற்று. கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது 1924ஆம் ஆண்டில் என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம். கூலிச் சமூகம் எனப்பட்ட மக்கள் ஒரே பத்தாண்டில் இரு நாடுகளிலும் இதழ் படிக்கும் சமூகமாக வளர்ந்து கொண்டிருந்தனர்.

நியூட்ரினோ என்னும் நுண்துகள்

சுரங்கத்தில் நடந்த ஆய்வை விளங்கிக்கொள்ளச் சிறிது இயற்பியல் வேண்டும். அணுக்கருச் சிதைவின் ஒரு வகையில் ஆற்றல் கணக்கு நேராகவில்லை என்பதைக் கண்டு, கண்ணுக்கும் கருவிக்கும் தப்பிச் செல்லும் துகள் ஒன்று இருக்க வேண்டும் என 1930ஆம் ஆண்டு வுல்ப்காங் பவுலி கருதினார். மின்னூட்டமற்ற, மிகமிகச் சிறிய நிறையுடைய அத்துகளே நியூட்ரினோ. 1956ஆம் ஆண்டு பிரடெரிக் ரெய்ன்சும் கிளைடு கோவனும் அமெரிக்காவின் அணு உலை ஒன்றின் அருகில் அதன் இருப்பை உறுதி செய்தனர்.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும், நாம் நிற்கும் இடத்தில் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி ஊடுருவிச் செல்கின்றன. பூமியையே துளைத்து அப்பால் செல்பவை அவை. மிக அரிதாக ஒன்று அணுக்கருவோடு மோதும்போதுதான் அதன் தடத்தைக் காண இயலும்.

இவற்றுள் ஒரு வகை, நம் தலைக்கு மேலுள்ள காற்றிலேயே பிறக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றின் அணுக்கருக்களை மோதும்போது மியூவான்களும் நியூட்ரினோக்களும் தோன்றுகின்றன. மியூவான்கள் நிலத்தை எட்டுகின்றன. உள்ளங்கையளவு இடத்தில் நொடிக்கு ஒன்றேனும் விழும். இம்மழையின் நடுவே, நியூட்ரினோ மோதலால் பிறந்த ஒற்றை மியூவானைப் பிரித்தறிவது இயலாத செயல். மியூவான் மழை நின்றுபோகும் இடத்துக்குச் செல்ல வேண்டும். அதற்குப் பாறையே குடை. அவ்வளவு பாறை தலைமேல் இருக்குமாறு மனிதர் இறங்கக்கூடிய இடம் அக்காலத்தில் உலகில் மிகச் சிலவே இருந்தன. அவை ஆழமான தங்கச் சுரங்கங்கள்.

ஆழத்தைத் தேடிய ஆய்வு

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிறுவுநர் ஹோமி பாபா அண்டக்கதிர் ஆய்வில் பெயர் பெற்றவர். அவருடைய மாணவர் பி. வி. சிறீகண்டன் 1950களின் தொடக்கத்தில் கருவிகளுடன் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி, ஆழம் கூடக் கூட மியூவான்கள் எவ்வாறு குறைகின்றன என அளந்தார். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் எஸ். மியாக்கே, வி. எஸ். நரசிம்மம், பி. வி. இரமணமூர்த்தி ஆகியோர் இவ்வளவீட்டை மேலும் ஆழத்துக்குக் கொண்டு சென்றனர். அவர்கள் சென்ற மிக ஆழமான மட்டத்தில் இரண்டு மாதக் காலம் கருவி இயங்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

பிற ஆய்வுகளில் எதுவும் பதிவாகாமை தோல்வி எனக் கொள்ளப்படும். இங்கோ அதுவே பெரும் செய்தியாயிற்று. அந்த அமைதியில் ஏதேனும் பதிவானால் அது நியூட்ரினோவால் விளைந்ததாகவே இருக்கக்கூடும் என்னும் நம்பிக்கை பிறந்தது. டாட்டா நிறுவனம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 7,600 அடி ஆழத்தில் ஆய்வுக்கூடத்தை அமைத்தன. தம்பின் மலையை ஒன்றன்மேல் ஒன்றாக மும்முறை அடுக்கினால் கிட்டும் உயரம் அது. கோலார்ப் பாறை அடர்த்தி மிக்கதாதலால் அந்த ஆழம் 7,500 மீட்டர் நீரின் ஆழத்துக்கு ஈடாகக் கணக்கிடப்பட்டது.

கருவியின் அமைப்பு எளிமையான கருத்தொன்றை அடிப்படையாகக் கொண்டது. அவ்வளவு ஆழத்திற்கு வந்து சேரும் எஞ்சிய மியூவான்கள், பாறையின் தடிப்பு மிகக் குறைவாக உள்ள செங்குத்துத் திசையிலேயே வரும். சாய்வாக வருவதாயின் அவை கடக்க வேண்டிய பாறை பன்மடங்காகும், நடுவழியிலேயே நின்றுவிடும். நியூட்ரினோவுக்கோ இத்தடை இல்லை. அது எத்திசையிலும் வரும். ஆகவே, கிடைத்திசையில் செல்லும் துகளைக் காணுமாறு கருவிகள் சுவர் போல் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. துகள் பாய்ந்தால் ஒளிரும் நெகிழித் தகடுகள், அதன் பாதையைக் காட்டும் நியான் குழாய் வரிசைகள், இடையில் ஈயத் தகடுகள் என அவை அமைந்தன. பக்கவாட்டில் ஒரு கோடு பதிவானால், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதற்கு அது சான்று.

1965: இரு சுரங்கங்கள், ஒரே தேடல்

இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க் அருகே, கிழக்கு ராண்டு தங்கச் சுரங்கத்தில், ரெய்ன்சின் குழுவினர் இத்தகைய ஆய்வையே மேற்கொண்டிருந்தனர். அவர்களின் முதல் நிகழ்வு 1965 பிப்ரவரி 23ஆம் நாள் பதிவாயிற்று. தங்கவயலின் முதல் நிகழ்வு அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிட்டியது. ஆயினும் தங்கவயல் குழுவின் கட்டுரை ஆகஸ்டு மாத நடுவிலும் ரெய்ன்சு குழுவின் கட்டுரை அம்மாத இறுதியிலும் அச்சேறின. கண்டதில் அவர்களும் வெளியிட்டதில் இவர்களும் முந்தினர். வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதல் கண்ட பெருமையை இரு குழுக்களுக்கும் பகிர்ந்தளிப்பதே அறிவியல் வரலாற்றின் வழக்கம்.

1980ஆம் ஆண்டு, புரோட்டான் சிதையுமா என்னும் வினாவை ஆராய 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி அதே சுரங்கத்தில் அமைக்கப்பட்டது. சிதைவு எனக் கருதத்தக்க சில நிகழ்வுகளை இக்குழு அறிவித்தது. பின்னர்ப் பிற நாடுகளில் இயங்கிய பெருங்கருவிகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும் இவ்வினாவுக்காகத் தனியே அமைக்கப்பட்ட தொடக்கக் காலக் கருவிகளுள் ஒன்று என்னும் சிறப்பு அதற்கு உண்டு.

வளிமண்டல நியூட்ரினோவின் கதை அத்துடன் முடியவில்லை. ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்தில் இயங்கும் சூப்பர் கமியோக்காண்டே கருவி, இந்நியூட்ரினோக்கள் பயணத்தின் நடுவே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன என 1998ஆம் ஆண்டு காட்டியது. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. தக்காக்கி கஜித்தாவும் கனடாவின் சட்பரி சுரங்க ஆய்வை வழிநடத்திய ஆர்தர் மெக்டொனால்டும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்தனர். கோலாரில் தடம் பதித்த துகளினமே இங்கு தன் இயல்பை வெளிப்படுத்தியது.

பெயருடையோரும் பெயரற்றோரும்

1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதினொருவரின் பெயர்கள் உள்ளன: இந்தியக் குழுவினர் ஐவர், ஜப்பானியர் இருவர், ஆங்கிலேயர் நால்வர். ஆய்வை எண்ணித் திட்டமிட்டுக் கருவி சமைத்தவர்கள் அவர்களே; அப்பெருமை அவர்களுக்கு உரியது. ஆயினும் அவ்வாய்வின் முதற்கருவி நெகிழித் தகடோ நியான் குழாயோ அன்று, ஆழமே ஆகும். அந்த ஆழம் இயற்கையில் கிடைத்ததன்று. எண்பதாண்டுக் காலம் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் வெடித்தும் வெட்டியும் உண்டாக்கியது.

மிக ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. மேலிருந்து குளிர்காற்றைச் செலுத்தினால்தான் அங்கு வேலை செய்ய இயலும். அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறுவது தங்கவயலின் தனிக்கொடுமை. பாறைத்தூளால் வரும் நுரையீரல் நோய் மற்றொன்று; தப்பியவர்களையும் அது விடவில்லை. இத்தகைய இடத்துக்குத்தான் கருவியின் ஒவ்வொரு பகுதியும் கூண்டில் இறக்கப்பட்டது. கூண்டை இயக்கியோர், காற்றோட்டத்தைக் காத்தோர், கூரை சரியாதபடி முட்டுக் கொடுத்தோர் ஆகியோரின் அன்றாட உழைப்பு இன்றி ஒரு நாளும் ஆய்வு நடந்திராது.

அறிவியல் கட்டுரைக்கு அதற்குரிய மரபு உண்டு; அதில் சுரங்கத் தொழிலாளர் பெயர் இல்லாமையைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வரலாற்றாசிரியருக்கோ அம்மரபு பொருந்தாது. ஜானகி நாயர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் பற்றிய நூல் தங்கவயல் மக்களின் வாழ்வை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. அறிவியல் வரலாற்று நூல்கள் பாபாவையும் எம். ஜி. கே. மேனனையும் சிறீகண்டனையும் பேசுகின்றன. இவ்விரு நூல்வரிசைகளையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் முயற்சி தமிழில் வேண்டும்.

தம்பினின் நிலையும் இதுவே. இரப்பரின் பெருமை பேசும்போது, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவில் செம்மை செய்த ரிட்லியின் பெயரைச் சொல்கிறோம். அம்முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில், பட்டைக்குக் காயம் நேராமல், விடிவதற்குள் செய்து முடித்த கைகளின் திறனை அறிவு என நாம் எழுதவில்லை. உழைப்பு என்று மட்டுமே எழுதியிருக்கிறோம். பாறையின் ஓசையைக் கேட்டே அது வெடிக்குமா என உணரும் சுரங்கத் தொழிலாளியும், கத்தியின் ஆழத்தை விரலால் அறியும் பால்மரத் தொழிலாளியும் தத்தம் துறையில் நுட்பம் அறிந்தவர்களே.

மூடப்பட்ட பின்

தங்கவயல் சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டு மைசூர் அரசுக்கும், 1962ஆம் ஆண்டு மத்திய அரசுக்கும் உரிமையாயின. தங்கம் அருகி, எடுக்கும் செலவு ஏறியது. ஆழ்நில ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் நின்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தபின் சுரங்கங்களில் நீர் நிறைந்தது. உலகின் மிக ஆழமான ஆய்வுக்கூடங்களுள் ஒன்றாயிருந்த இடமும் மீள இயலாததாயிற்று. தொழிலாளரின் பிள்ளைகள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

இக்காட்சி நெகிரி செம்பிலான் மக்களுக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புத் திட்டங்களுக்கு இடமளித்தும் சுருங்கியபோது லயத்து மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். பெரும்பாலான இடங்களில் தோட்டத்தின் பெயரைத் தாங்கி எஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளி ஒன்றே. தம்பினின் இரெப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளி அவ்வாறு பெயரில் தோட்டத்தை வைத்திருக்கும் பள்ளிகளுள் ஒன்றாகும்.

பொட்டிபுரம் எழுப்பும் வினா

தங்கவயலின் மரபைத் தொடர இந்திய அறிவியலாளர் வகுத்த திட்டமே இந்திய நியூட்ரினோ ஆய்வகம். 50,000 டன் காந்தமூட்டிய இரும்புக் கருவியை மலைக்கு அடியில் அமைப்பது அதன் நோக்கம். நீலகிரியில் முதலில் கருதப்பட்ட இடத்துக்கு 2009ஆம் ஆண்டு இசைவு கிட்டவில்லை. பின்னர்த் தேனி மாவட்டம் பொட்டிபுரம் தெரிவு செய்யப்பட்டு, 2015 சனவரியில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலும் கிடைத்தது. மலை, நீர், காடு ஆகியவற்றின் பாதுகாப்புக் குறித்து அவ்வட்டார மக்களும் இயக்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர், வழக்குகள் தொடர்ந்தன. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை ஏற்க இயலாதென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2018ஆம் ஆண்டு முதல் மதுரையில் இயங்கிய 85 டன் மாதிரிக் கருவி மட்டுமே கண்கூடான பயனாக அமைந்தது. இதற்கிடையில், மூவகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையை அறியும் அதே நோக்குடன் சீனா அமைத்த ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கியது.

நியூட்ரினோவால் கேடு விளையும் என்னும் அச்சத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை; அது எந்நாளும் நம் உடலை ஊடுருவிச் செல்வதே. மலையைக் குடைவதால் நீருக்கும் காட்டுக்கும் என்ன நேரும் என்பதோ வேறு வினா; அதனைக் கேட்கும் உரிமை அங்கு வாழ்வோர்க்கு உண்டு. தங்கவயலில் இவ்வினா எழவில்லை. சுரங்கம் முன்னரே இருந்தது. அதற்கான விலையைத் தொழிலாளர் முன்னரே கொடுத்திருந்தனர். அவர்களின் இசைவை எவரும் கேட்டதுமில்லை. பொட்டிபுரத்தில் மக்கள் முதன்முறையாகக் கேட்கப்பட வேண்டியவர்களாக எழுந்து நின்றனர். நியூட்ரினோ யாது, குடைவதால் விளைவது யாது என அவர்களின் மொழியிலேயே தொடக்கத்திலிருந்து விளக்கப்பட்டிருந்தால் விவாதம் இன்னும் தெளிவாக நடந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

தமிழாசிரியர்க்கு இதனால் என்ன?

மொழியின் பங்கு இங்கே முன்வருகிறது. மலேசியாவில் 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு அதனைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. அவ்விவாதத்தில் தமிழில் கலைச்சொல் உண்டா என்னும் வினாவே பெரிதும் பேசப்பட்டது. கலைச்சொல் ஆக்கத்தில் தமிழறிஞர் குறை வைக்கவில்லை. குறைவாக இருந்தது அறிவியலோடு நம் சமூகத்துக்கு உறவு உண்டு என்னும் உணர்வே.

நியூட்ரினோ என்னும் சொல்லை மாணவர் மனனம் செய்வதால் அவ்வுணர்வு பிறவாது. அவர்தம் பாட்டனாரின் ஊரார் குடைந்த சுரங்கத்தில் அத்துகள் தடம் பதித்தது என அறிந்தால், அறிவியல் அயலார் வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் தளரும். நெகிரி செம்பிலானின் 61 தமிழ்ப்பள்ளிகளுள் பல தோட்டத்தில் பிறந்தவை. வரலாற்றுப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் இணைத்துக் கற்பிக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அவற்றுக்கு எளிதில் கிட்டாது.

முடிவுரை

தங்கவயலின் 1965ஆம் ஆண்டு நிகழ்வு இயற்பியலுக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அவ்வாயில் தமிழ்த் தொழிலாளரின் உளியாலும் வெடியாலும் உருவான ஆழத்தில் அமைந்தது. அத்தொழிலாளரின் உறவினரே கடல் கடந்து தம்பின் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் காட்டைத் திருத்திப் பால்மரம் வளர்த்தனர் என்பதால், அந்நிகழ்வு புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றுக்கும் உரியதாகிறது.

இனிச் செய்ய வேண்டுவன இரண்டு. தங்கவயலில் ஆய்வுக்கூடத்தோடு தொடர்புடைய வேலைகளைச் செய்த முதியோரின் வாய்மொழிச் சான்றுகள் அவர்கள் வாழும் காலத்திலேயே தொகுக்கப்பட வேண்டும். தம்பின் தோட்டங்களில் பால்மரத் தொழிலின் நுட்பம் அறிந்த முதியோரிடமிருந்தும் அவ்வாறே திரட்ட வேண்டும். சுரங்கத்தில் நீர் நிறைந்துவிட்டது. தோட்டத்தில் மரமும் மாறிவிட்டது. எஞ்சியிருப்பது அவர்தம் நினைவு மட்டுமே.